கையால் அச்சிடும் சிறுநூல்: ஒரே தாள், இரண்டு நிறம், நூறு பிரதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் கதையையோ கவிதையையோ படங்களையோ தானே வடிவமைத்து, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கையாலேயே அடித்து வெளியிட விரும்புகிறவர்களுக்கான பக்கம் இது. பதில்கள் எல்லாமே ஒரு குறிப்பிட்ட வேலையை வைத்து எழுதப்பட்டவை: ஓர் ஏ3 தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சு, மடித்தால் எட்டுப் பக்கம், இரண்டு நிறம், நூறு பிரதி. ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது இதுதான்: பிரேமில் இழுத்துக் கட்டிய நுண்வலையில் (மெஷ்) வெளிச்சம் பட்டால் இறுகும் பசையை (இமல்ஷன்) பூசி, கறுப்பில் எடுத்த பக்கத்தை (பாசிட்டிவ்) வைத்து வெளிச்சம் காட்டிக் (எக்ஸ்போஸ்) கழுவினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் திறக்கும்; அதன் வழியே ரப்பர் பட்டையால் (ஸ்க்வீஜி) மையை இழுத்தால் அடியிலுள்ள தாளில் அச்சு விழும். ஒரு தாளில் ஒரு நிறம் அடிப்பது ஓர் இழுப்பு. லினோ (லினோலியத்தில் செதுக்கி அச்சிடுவது), ரைஸோ (ஒரு வகை நகல் இயந்திரம்) பற்றிய கேள்விகளும் வருவதால் அவையும் இடையில் உண்டு.

முதல் நூலையே பதினாறு பக்கமாகப் போடக் கூடாதா?

போடலாம். ஆனால் முதலில் எத்தனை இழுப்பு என்று கணக்குப் பாருங்கள். ஏ5 அளவில் 16 பக்கம் என்றால் பிரதிக்கு இரண்டு ஏ3 தாள், இரண்டுக்கும் இரு பக்க அச்சு. ஆக நான்கு முகம், முகத்துக்கு இரண்டு நிறம், எட்டு ஸ்கிரீன். நூறு பிரதிக்கு 800 இழுப்பு, அதுவும் ஒன்றுகூடக் கெடாவிட்டால். பின்பக்கம் அடிக்கும்போது முன்பக்க மை ஒட்டுவது தனிப் பிரச்சினை.

ஒரே தாளில் எட்டு ஏ6 பக்கம் போட்டால் இரண்டு ஸ்கிரீன், 200 இழுப்பு. இரண்டு பேர் இரண்டு நாளில் முடித்துவிடலாம். ஸ்டேப்ளர் பின்னும் தையலும் வேண்டாம். இதில் ஒருமுறை கை பழகிய பிறகு பதினாறுக்குப் போவதே நல்லது.

எட்டுப் பக்கத்தையும் தாளில் எப்படி அடுக்குவது?

ஏ3 தாளைக் குறுக்கே படுக்க வையுங்கள் (அகலம் 420 மி.மீ., உயரம் 297). நான்கு பத்தி, இரண்டு வரிசை. ஒவ்வொரு கட்டமும் 105 × 148.5 மி.மீ.

கீழ் வரிசையில் இடமிருந்து வலம் 6, 7, 8, 1. மேல் வரிசையில் இடமிருந்து வலம் 5, 4, 3, 2, ஆனால் நான்கும் தலைகீழாக. 1 முன்னட்டை, 8 பின்னட்டை. நடுக் கிடைக்கோட்டில் இரண்டாம், மூன்றாம் பத்திகளின் அகலத்துக்கு மட்டும், அதாவது இடது ஓரத்திலிருந்து 105 மி.மீ.-இல் தொடங்கி 315 வரை, ஒரே வெட்டு. நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நூலாகிவிடும்.

வடிவமைப்பைத் தொடங்கும் முன்பே ஒரு தாளை மடித்துப் பக்க எண் எழுதி டம்மி செய்துகொள்ளுங்கள். கணினியில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தலைகீழ் வரிசையில் ஒரு பக்கம் மாறுவது சகஜம். அது நூறு பிரதி அடித்த பிறகு தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மென்பொருளில் தமிழ் உடைந்து வருகிறது. ஏன்?

கொம்பும் ஐகாரமும் தனியாகப் பிரிந்து எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றால், அந்த மென்பொருள் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழை இணைத்துக் காட்டவில்லை என்று பொருள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போஸர்’ தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஸ்க்ரைபஸின் பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும், 1.6 பதிப்பில் சரியாக வரும். இங்க்ஸ்கேப்பில் பொதுவாகத் தொல்லை இல்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றினால், மாற்றிய பிறகு முழுவதையும் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டியிருப்பது போன்ற பிழைகள் அப்படியே தங்கிவிடும். திரையில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் இவற்றைப் பிடிப்பது கடினம். கடைசியில் எல்லா எழுத்தையும் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிய பிறகே பாசிட்டிவ் எடுக்கும் கடைக்குக் கொடுங்கள்.

எந்த எழுத்துரு, எந்த அளவு?

கை அச்சில் தமிழுக்கு உள்ள பெரிய ஆபத்து புள்ளி. ஸ்கிரீனில் ஒரு புள்ளி திறக்காமல் போனால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும், ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். ஆங்கில நூலில் ஒரு புள்ளி விழாவிட்டால் வாசகர் கவனிக்கக்கூட மாட்டார். தமிழில் சொல்லே மாறிவிடுகிறது. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமலே எழுதிய காலம் உண்டு. அன்றைய வாசகருக்கு இடம் பார்த்துப் படிக்கும் பழக்கம் இருந்தது. இன்றைய வாசகரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு சிறிதாகப் போகலாம் என்பதை மெஷ்தான் தீர்மானிக்கிறது. 90 மெஷ் என்றால் சென்டிமீட்டருக்கு 90 இழை. ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்கு 0.11 மி.மீ. ஒரு கோடோ புள்ளியோ மூன்று இழையையாவது கடந்து நின்றால்தான் நம்பி அச்சிடலாம். ஆக, மிக மெல்லிய கோடும் மிகச் சிறிய புள்ளியும் 0.33 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. திரையில் 1600 சதவீதம் பெரிதாக்கி, ஒரு புள்ளியின் மேல் அதே அளவு வட்டம் வரைந்து அளந்துவிடுங்கள்.

தடிப்பும் மெலிவும் அதிகம் வேறுபடும் எழுத்துருக்களைச் சிறிய அளவில் தவிருங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் கட்டணமில்லாதவை, கோடு ஏறத்தாழச் சீரானது. ‘மீடியம்’ எடையில் 11 பாயின்ட் அளவு, 17 பாயின்ட் வரி இடைவெளி என்று தொடங்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ் படிக்க அழகு, ஆனால் அதன் மெல்லிய கோடுகள் 14 பாயின்டுக்குக் கீழே கை அச்சில் அறுந்துபோகும். இருண்ட பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விடுவதானால் இன்னும் ஒரு படி தடிமனாக எடுங்கள், ஏனென்றால் மை பரவி உள்நோக்கி எழுத்தைத் தின்னும். ‘ஞ’, ‘ணை’, ‘ஜ’ ஆகியவற்றின் உள்வெளிகள்தான் முதலில் அடைபடும். சோதனை அச்சில் இந்த மூன்றையும் கட்டாயம் சேருங்கள்.

ஏ6 பக்கத்தில் இருபுறமும் 10 மி.மீ. ஓரம் விட்டால் வரி நீளம் 85 மி.மீ. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இந்த அகலத்தில் இருபுறமும் சமன்செய்தால் வரி நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் சமன்செய்து வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டு நிறத்தையும் ஃபைலில் எப்படிப் பிரிப்பது?

நிறத்துக்கு ஒரு அடுக்கு. இரண்டு அடுக்கிலும் எல்லாமே 100 சதவீதக் கறுப்பு. சிவப்பு அடுக்கைத் திரையில் சிவப்பாக வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. வெளியே எடுக்கும்போது கறுப்பாக்க மறக்காதீர்கள். சாம்பல் நிறமாக எது இருந்தாலும் ஸ்கிரீனில் அரைகுறையாகத் திறக்கும்.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. இரண்டு நிறமும் ஒட்டி நிற்கும் இடங்களில் வெளிர் நிறத்தை அடர் நிறத்தின் அடியில் 0.7 மி.மீ. அளவுக்கு உள்ளே நீட்டிவிடுங்கள். கை அச்சில் தாள் ஒரு மயிரிழை நகர்வது இயல்பு. இந்த மேல்படிவு இல்லாவிட்டால் நடுவே வெள்ளைக் கோடு தெரியும். எழுத்து முழுவதையும் ஒரே நிறத்தில் வையுங்கள். இரண்டு நிறம் சேர்ந்து ஓர் எழுத்தை உருவாக்கும் வடிவமைப்பு திரையில் நன்றாக இருக்கும், நூறில் எழுபது தாளில் கலங்கித் தெரியும்.

மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் மூன்றாவதாகப் பச்சை இலவசமாகக் கிடைக்கும். அதற்கு இரண்டாவது மை கண்ணாடிபோல இருக்க வேண்டும்: ஒரு பங்கு மைக்கு ஒரு பங்கு டிரான்ஸ்பரன்ட் பேஸ் (நிறமில்லாத மைக்கலவை) சேர்த்துப் பாருங்கள்.

பாசிட்டிவுக்கு ஃபிலிம் வேண்டுமா, டிரேசிங் பேப்பர் போதுமா?

இந்த வேலைக்கு 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) டிரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் போதும். இரண்டு விஷயம் மட்டும் கவனம். ஒன்று, கறுப்பு முழுமையாக இருக்க வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளையாக வெளிச்சம் தெரியும் இடத்தில் இமல்ஷன் இறுகிவிடும். இரண்டாவது, லேசர் பிரின்டரின் சூட்டில் டிரேசிங் பேப்பர் சுருங்கும். இரண்டு அடுக்கும் வேறு வேறு அளவுக்குச் சுருங்கினால், ஒரு மூலையில் பொருத்தினால் எதிர் மூலையில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். எவ்வளவு பொறுமையாக அச்சிட்டாலும் அது சேராது. அச்சிடும் முன் வெறும் தாளை ஒருமுறை பிரின்டருக்குள் ஓட்டி எடுங்கள். பிறகு இரண்டு அடுக்கையும் ஒரே திசையில், அடுத்தடுத்து எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நான்கு மூலைக் குறிகளையும் பார்த்த பிறகே இமல்ஷனைத் தொடுங்கள்.

ஸ்கிரீன், மெஷ், ஸ்க்வீஜி எந்த அளவு?

பிரேமின் உள்ளளவு சுமார் 50 × 62 செ.மீ. படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் 10 செ.மீ. இடம் இல்லாவிட்டால் ஓரங்களில் மெஷ் மடங்காமல் விறைப்பாக நிற்கும், அச்சு மங்கும். காகிதத்துக்கும் நீர் மைக்கும் 90 மெஷ் பாலியஸ்டர். துணிக்கு வாங்கிய 43 மெஷ் காகிதத்தில் மையைக் கொட்டிவிடும். ஸ்க்வீஜி படத்தைவிட இருபுறமும் 2 செ.மீ. அகலமாக, ரப்பர் 70 ஷோர் கடினத்தில் இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடைகள் உள்ள ஊரில் இவை எல்லாம் கிடைக்கும். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் காகிதமும் சேர்த்தே வாங்கலாம்.

எக்ஸ்போஸ் செய்த ஸ்கிரீனைக் கழுவும்போது எல்லாம் சேர்ந்து வழிந்துவிடுகிறது. என்ன தவறு?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. பெரும்பாலும் காரணம் வெளிச்சமல்ல, ஈரம்.

இமல்ஷன் காய்ந்த பிறகுதான் வெளிச்சத்தில் இறுகும். உள்ளே ஈரம் இருந்தால் எத்தனை நிமிடம் வைத்தாலும் மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் வழவழவென்று இருக்கும். கழுவும்போது ஸ்க்வீஜி பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள்; வழுக்கினால் அதுதான். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் வழக்கமான இரண்டு மணி நேரம் போதாது. இருட்டறையில், காகிதம் படும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, மின்விசிறி ஓட, ஓர் இரவு முழுவதும் விடுங்கள். வெளிப்பக்கம் ஒரு பூச்சு, உள்பக்கம் ஒரு பூச்சு போதும். தடித்த பூச்சு காய நேரமாகும், நுண்ணிய கோடும் திறக்காது.

அடுத்து நேரம். ஒவ்வொரு விளக்கும் வேறு என்பதால் யாருடைய நிமிடக் கணக்கையும் கடன் வாங்காதீர்கள். சிறிய ஸ்கிரீனில் பூசி, பாசிட்டிவின் மேல் ஒரு கறுப்பு அட்டையை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 3 செ.மீ. நகர்த்தி, 2, 4, 6, 8, 10 நிமிடப் பட்டைகள் எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கழுவிப் பாருங்கள். குறைந்த நேரப் பட்டை வழிந்துவிடும். கூடிய நேரப் பட்டையில் புள்ளிகள் மூடிக்கிடக்கும். எல்லாப் புள்ளியும் திறந்து, இமல்ஷனும் வழுக்காமல் நிற்கும் பட்டை உங்கள் நேரம். வெயிலில் வைத்தும் செய்யலாம், ஆனால் அங்கே கணக்கு நிமிடத்தில் அல்ல, 30 விநாடிப் பட்டைகளில். மேகம் மறைத்தால் கணக்கு கெடும்.

பாசிட்டிவின் டோனர் படிந்த முகம் இமல்ஷனைத் தொட வேண்டும், மேலே கனமான கண்ணாடியோ பஞ்சு அட்டையோ அழுத்த வேண்டும். இடைவெளி இருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து புள்ளியைச் சுருக்கும். கண்ணாடிமேல் டோனர் பக்கம் மேல்நோக்கி வைத்து, அதன்மேல் ஸ்கிரீனைக் கவிழ்த்தால் எழுத்து நேராக வரும். கண்ணாடிப் பிம்பமாக மாற்ற வேண்டியதில்லை.

இமல்ஷன் வெளிச்சத்தில் இறுகுவதற்காக, மலிவு என்று இன்னும் பல கடைகளில் பைக்ரோமேட் கலக்கிறார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம். வீட்டில் வேலை செய்கிறவர்கள் டயஸோ கலக்கும் இமல்ஷனோ, கலவையே தேவைப்படாத இமல்ஷனோ வாங்குங்கள். விலை வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம்.

புகைப்படம் சேர்க்கலாமா?

ஹாஃப்டோன் புள்ளிகளாக (வெளிரிய இடத்தில் சிறிதும் இருண்ட இடத்தில் பெரிதுமான புள்ளிகள்) மாற்றினால் சேர்க்கலாம். 90 மெஷ் என்பது அங்குலத்துக்கு சுமார் 228 இழை. அதை ஐந்தால் வகுத்தால் 45. அதுவே உச்ச வரம்பு. கை பழகாதவர்கள் அங்குலத்துக்கு 35 கோடு, கோணம் 22.5 டிகிரி என்று வையுங்கள். கோணத்தை 0 அல்லது 90 என்று விட்டால் புள்ளி வரிசையும் இழை வரிசையும் மோதி அலை அலையாகக் கோலம் தெரியும். மிக வெளிரிய, மிக இருண்ட பகுதிகளை 10 முதல் 85 சதவீதத்துக்குள் அடக்கிய பிறகு மாற்றுங்கள். ஏ6 பக்கத்தில் ஒரு முகம் தெரியும். ஒரு கூட்டம் தெரியாது.

இரண்டாம் நிறம் பொருந்தாமல் போகிறது.

தாளை எப்படி வெட்டுகிறீர்கள் என்பதிலிருந்து பார்க்க வேண்டும். 25 × 36 அங்குலத் தாளை வாங்கி நான்காக வெட்டினால் ஒவ்வொன்றும் 12.5 × 18 அங்குலம், அதாவது 317 × 457 மி.மீ. ஏ3-ஐவிட இருபுறமும் கொஞ்சம் பெரிது. மூலைக் குறிகள் அந்த மிச்ச இடத்தில் வரும், நிறம் ஓரம்வரை போகலாம், கடைசியில் ஏ3-க்கு வெட்டிக்கொள்ளலாம். (23 × 36 தாளில் மூன்று ஏ3-தான் கிடைக்கும். கடையில் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.) கெடுவதற்கும் சேர்த்து 29 பெரிய தாள் எடுத்தால் 116 துண்டு.

பலகையில் மூன்று தடுப்புகள் ஒட்டுங்கள்: நீளப் பக்கத்தில் இரண்டு, அகலப் பக்கத்தில் ஒன்று. பழைய விசிட்டிங் கார்டு துண்டுகள் போதும். ஒவ்வொரு தாளிலும் தடுப்பைத் தொடும் மூலையைப் பென்சிலால் குறித்து, இரண்டு நிறத்துக்கும் அதே மூலையையே தள்ளுங்கள். வெட்டிய தாள்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. மூலை மாறினால் அந்த வித்தியாசம் முழுவதும் அச்சில் தெரியும்.

இரண்டாம் நிறத்தைப் பொருத்த, கெட்டியான தெளிவான பிளாஸ்டிக் தாளைப் பலகையில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, அதன்மேல் ஒருமுறை அச்சிடுங்கள். அடியில் முதல் நிறத் தாளை நுழைத்து, மேலே தெரியும் அச்சோடு சேரும்வரை நகர்த்தி, அந்த இடத்தில் தடுப்புகளை ஒட்டிவிட்டு பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஸ்கிரீனுக்கும் தாளுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி வேண்டும், நான்கு மூலையிலும் ஒரே கனத்தில் அட்டை வைத்தால் கிடைக்கும். இடைவெளி இல்லாவிட்டால் மெஷ் தாளோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது ஓரம் கலங்கும்.

மை மெஷ்ஷிலேயே காய்ந்து அடைத்துக்கொள்கிறது.

வெயில் காலத்தில் நீர் மைக்கு இது நடக்கும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஸ்கிரீனைச் சற்றே தூக்கி, அழுத்தாமல் மையை மறுபடி படத்தின் மேல் தள்ளி மூடிவையுங்கள். மைமூடிய மெஷ் சீக்கிரம் காயாது. ரிட்டார்டரை (மை காய்வதைத் தாமதிக்கும் திரவம்) டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் சேர்க்காதீர்கள், தாளில் காயாமல் ஒட்டும். மின்விசிறி காயும் தாள்களின் பக்கம் திரும்பியிருக்கட்டும், ஸ்கிரீன் பக்கம் வேண்டாம். புள்ளிகள் மூட ஆரம்பித்தால் ஈரத் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்து, வேண்டாத தாளில் இரண்டு மூன்று இழுத்துவிட்டுத் தொடருங்கள். நடுவில் தேநீருக்குப் போகாதீர்கள். நூறும் முடித்துவிட்டுப் போகலாம்.

ஒரு நிறத்துக்கு 250 மி.லி. மை தாராளம். பக்கம் முழுக்க நிறம் நிரப்புவதானால் அரை லிட்டர்.

எந்தத் தாள்?

120 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (மேற்பூச்சு இல்லாத அச்சுத் தாள்), கொஞ்சம் மஞ்சள் சாயல் உள்ளது. 80-இல் நீர் மை பட்டதும் தாள் சுருளும், நீளும், இரண்டாம் நிறம் பொருந்தாது. 150-க்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்கும். வாங்கிய தாளை அச்சிடும் அறையிலேயே ஒரு நாள் பிரித்து வையுங்கள். மடிப்புக் கோட்டின்மேல் முழு நிறம் விழாமல் வடிவமைப்பது நல்லது. விழுந்துதான் ஆக வேண்டுமென்றால் மடிக்கும் முன் மழுங்கிய முனையால் கோடு அழுத்திக்கொள்ளுங்கள்.

கறுப்புத் தாளில் வெள்ளை அச்சு வேண்டுமென்றால் ஒளி ஊடுருவாத மை, கொஞ்சம் அகன்ற கண்ணுள்ள மெஷ் (77), பல நேரம் இரண்டு இழுப்பு. சென்னையின் தாரா புக்ஸ், பருத்திக் கழிவில் செய்த கைத்தாளில் ஸ்கிரீன் அச்சில் போடும் நூல்களை ஒருமுறை கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். மை தாளின்மேல் எவ்வளவு உயரமாக நிற்க முடியும் என்பது தெரியும்.

லினோவில் முழு நூலையும் செதுக்கலாமா?

படத்தையும் தலைப்பையும் செதுக்குங்கள். உள்ளெழுத்தை ஸ்கிரீனுக்கு விடுங்கள். லினோவில் புள்ளி என்பது சுற்றிலும் வெட்டிவிட்டுத் தனியே நிற்க விட வேண்டிய சிறு தூண். கத்தி கொஞ்சம் அடியில் சாய்ந்தால் மூன்றாவது பிரதியில் பெயர்ந்துவிடும். தூணின் பக்கங்கள் வெளிநோக்கிச் சரியும்படி வெட்டினால் நிற்கும். இல்லையென்றால் தலைப்பை இருண்ட பின்னணியில் வெள்ளையாகச் செதுக்குங்கள்: அப்போது புள்ளி ஒரே குத்துதான்.

எழுத்தைக் கட்டைக்கு மாற்ற, லேசர் பிரிண்டைக் கவிழ்த்து ஒட்டி, முதுகில் அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்தால் டோனர் இறங்கும், தானாகவே இடவலம் மாறியும் விடும். இங்க்ஜெட் பிரிண்ட் இதற்கு உதவாது. பழைய லினோ கெட்டியாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துச் செதுக்குங்கள். அச்சு இயந்திரம் இல்லாமல் கரண்டி முதுகால் தேய்ப்பதானால், பிரதிக்கு 5 நிமிடம் என்றாலும் நூறுக்கு எட்டு மணி நேரம் ஆகும்.

ரைஸோவில் அடித்தால் கை அச்சு ஆகுமா?

அது பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் நிறையப் பிரதி எடுக்கவென்று ஜப்பானில் பிறந்த இயந்திரம். ஆனால் வேலை செய்யும் விதம் ஸ்கிரீனுக்கு உறவு: துளையிட்ட மாஸ்டர் (மை ஊடுருவும் மெல்லிய தாள்), நிறத்துக்கு ஒரு டிரம் (மை உருளை). மேலே சொன்ன அடுக்குப் பிரிப்பு அப்படியே பொருந்தும். மேற்பூச்சு உள்ள ஆர்ட் பேப்பர் ஆகாது, மை முழுமையாகக் காயாமல் விரலில் ஒட்டும். உங்கள் பக்கத்தில் கறுப்பைத் தவிர வேறு டிரம் உள்ள இயந்திரம் இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

ஸ்கிரீனை மறுபடி பயன்படுத்தலாமா?

மையை உடனே கழுவினால் பல முறை. இமல்ஷன் எடுக்கும் திரவத்தை இருபுறமும் தடவி இரண்டு மூன்று நிமிடத்தில் அழுத்தமான தண்ணீரில் அடியுங்கள். ஸ்கிரீனில் அது காய விட்டால் இமல்ஷன் நிரந்தரமாகத் தங்கிவிடும். பழைய படத்தின் சாயல் மெஷ்ஷில் தெரிவதால் கெடுதல் இல்லை. விளக்கில் பார்த்தால் இழைகளுக்கு இடையே வெளிச்சம் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

ஐஎஸ்பிஎன் வாங்க வேண்டுமா? பிரதிகளில் எண் போட வேண்டுமா?

ஐஎஸ்பிஎன் (நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) கட்டாயமில்லை. கடைகள் வழியாகவும் நூலகங்களுக்கும் விற்க நினைத்தால் உதவும்; இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை இணையம் வழியாகக் கட்டணமின்றித் தருகிறது. எண் போடுவதானால் 1/100 என்று பென்சிலில், பின்னட்டையின் அடியில். கெட்ட தாள்களை எண்ணுக்குள் சேர்க்காதீர்கள்.

நூல் வெளியான 30 நாளுக்குள் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம் உட்படச் சட்டம் குறிப்பிடும் மற்றப் பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கென்று நான்கு பிரதிகளைத் தொடக்கத்திலேயே எடுத்து வையுங்கள்; நன்றாக விழுந்த நான்காக இருக்கட்டும்.